வீட்டு வாசலில் கார் பெயின்ட்: முதலில் கன்னை செட் பண்ணுங்கள்

ஸ்பிரே கன்னில் திருகுவதற்கு மூன்றே இடம்தான். பின்பக்கம் நீடில் திருகு, பெயின்ட் எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு. அதற்கு மேலேயோ பக்கத்திலோ இன்னொன்று, ஃபேன், அதாவது கன்னிலிருந்து விசிறி போல வரும் ஸ்பிரே, எவ்வளவு அகலமாக விரிய வேண்டும் என்பதற்கு. கைப்பிடிக்குக் கீழே காற்றுத் திருகு. மூன்றுக்கும் மூன்று வேலை. ஆனால் நம்ம ஊரில் யாரைக் கேட்டாலும் எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: "பிரஷரை ஏத்துப்பா." சொரசொரவென்று விழுகிறதா, பிரஷரை ஏத்து. நடுவில் திட்டாக நிற்கிறதா, பிரஷரை ஏத்து. கடைசியில் பாதி பெயின்ட் காரில் இருக்கும், மீதி எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் இருக்கும்.

நான் கார் பெயின்டர் இல்லை. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் ஃபினிஷிங் செக்‌ஷனில் பல வருஷம் இருந்தவன். பெரிய ஆர்டருக்கு மெஷின் இருக்கும். தோல் கன்வேயரில் போகும், மேலே கன்கள் சுற்றிக்கொண்டே அடிக்கும். ஆனால் சாம்பிள் துண்டுக்கும் ஷேடு பார்ப்பதற்கும் கையால்தான் அடிக்க வேண்டும். பிக்மென்ட் கோட் ஒன்று, அதற்கு மேல் லாக்கர் ஒன்று. அந்த லாக்கரும் நைட்ரோ செல்லுலோஸ்தான், கார் பெயின்ட் கடையில் 'என்.சி.' என்று கேட்டு வாங்குகிறோமே அதே குடும்பம். அதனால் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் மச்சினன், வெளுத்துப் போன வெள்ளை மாருதி 800ஐ வாங்கி நிறுத்திவிட்டு, "இன்னா மாமா, நீதான் கன் புடிச்ச ஆளாச்சே" என்று கூப்பிட்டபோது தப்பிக்க வழி இல்லை.

தோலுக்கும் தகட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தோல் முதல் கோட்டைக் குடித்துவிடும். கொஞ்சம் கூடுதலாக விழுந்தாலும் தாங்கும். தகடு ஒரு சொட்டைக்கூடக் குடிக்காது. விழுந்தது எல்லாம் மேலேயே நிற்கும், அதிகமானால் வழியும். கதவு போல நின்ற வாக்கில் இருக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே தகட்டில் அடிக்கிறவன் கன்னை இன்னும் நுணுக்கமாக செட் பண்ணியாக வேண்டும்.

கன்னுக்குப் போகும் முன் பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் 2கே பி.யு., அதாவது பாலியூரித்தேன் பெயின்ட்தான் அடிக்கிறார்கள். பளபளப்பு தானாகவே வரும், பெட்ரோல் பட்டாலும் கரையாது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. தோல் ஃபினிஷிங்கிலும் சில டாப் கோட்டுக்கு அதே வகை கிராஸ்லிங்கர் (பிணைத்து இறுக்கும் பொருள்) சேர்ப்பார்கள், அதனால் எனக்கு அதன் மேல் பயம் அதிகம். ஸ்பிரேயில் மூச்சோடு போனால் ஆஸ்துமாவையே கொண்டுவந்து விடும், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். வாசனையை வைத்து எவ்வளவு காற்றில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டு பூத்துக்குள் அடிக்க வேண்டிய சமாசாரம் அது. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை சைக்கிள் ஓட்டும் தெருவில் அடிக்கக் கூடாது. வீட்டில் அடிப்பதென்றால் என் ஓட்டு என்.சி.க்குத்தான். சீக்கிரம் காயும், தூசி ஒட்ட நேரம் இருக்காது, காற்றில் பறப்பது பெரும்பாலும் கீழே விழுவதற்குள் காய்ந்து பொடியாகிவிடும். பளபளப்புக்கு மட்டும் பிற்பாடு ரப்பிங் பண்ண வேண்டும், அதாவது பேஸ்ட் வைத்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பண்ணிக்கொள்ளலாம். அதற்காக என்.சி. சாதுவும் இல்லை. தின்னர் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், ஆர்கானிக் வேப்பருக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். தீயும் பிடிக்கும். கம்ப்ரஸரின் சுவிட்சில் பொறி பறக்கும் என்பதால் அதைத் தள்ளி வைத்து ஹோஸை நீளமாக இழுத்துக்கொள்ளுங்கள். திண்ணை மாடத்தில் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டுத்தான் கன்னைத் தொட வேண்டும்.

இன்னொன்று. பழைய வண்டிக்கு ஏற்கெனவே யாராவது சிந்தெடிக் எனாமல் அடித்திருந்தால், அதன் மேல் என்.சி. பட்டவுடன் பழைய கோட் சுருங்கிக் கிளம்பிவிடும். தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள். கம்பெனியில் சூளையில் சுட்ட ஒரிஜினல் பெயின்ட் அசையாது. சுருங்கினாலோ நிறம் துணியில் இறங்கினாலோ, சுரண்டி எடுப்பதுதான் வழி. மச்சினன் வண்டி ஒரிஜினல். பிழைத்தோம்.

சரி, காற்று.

வீட்டுக்கு வாங்கும் 1 எச்.பி. கம்ப்ரஸர் நிமிடத்துக்குச் சுமார் 3, 4 கன அடி காற்றுதான் கொடுக்கும். கன் கேட்பது அதைவிட அதிகம். சாதாரண கிராவிட்டி கன், அதாவது கப் மேலே இருக்கும் ரகம், 7, 8 கன அடி வரை இழுக்கும். எச்.வி.எல்.பி. (காற்று அதிகம், அழுத்தம் கம்மி என்று பொருள்) என்று எழுதியிருப்பது இன்னும் பெரிய வாய். 10க்கு மேல் கேட்கும். கடையில் எச்.வி.எல்.பி.தான் லேட்டஸ்ட் என்று எடுத்துக் கொடுப்பார்கள். சின்ன கம்ப்ரஸரில் மாட்டினால் பாதிக் கதவில் மூச்சு வாங்கும். சின்ன கம்ப்ரஸருக்குச் சாதாரண கன்னே போதும். ஒரு பேனல் அடித்து, நிறுத்தி, டேங்க் நிரம்பட்டும் என்று காத்திருந்து அடுத்த பேனலுக்குப் போக வேண்டும். அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை லாயக்கில்லை.

பிரஷரைப் பார்க்கும்போது எல்லோரும் விடுகிற இடம் ஒன்று உண்டு. கன் சும்மா இருக்கும்போது மீட்டர் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) காட்டும். டிரிக்கரை இழுத்தவுடன் 35க்கு இறங்கும். பெயின்ட் அடிப்பது அந்த 35தானே தவிர 50 இல்லை. கம்ப்ரஸரில் இருக்கும் மீட்டரை நம்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒல்லியான நீள ஹோஸ் வழியிலேயே ஒரு பங்கைத் தின்றுவிடும். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் ஹோஸாக வாங்குங்கள். கன்னின் கழுத்திலேயே ஒரு சின்ன மீட்டர் மாட்டி, டிரிக்கரைப் பிடித்தபடி படியுங்கள். சாதாரண கன்னுக்கு அந்த இடத்தில் 40, 45 பி.எஸ்.ஐ. வந்தால் என்.சி. நன்றாகப் பொடித் துளியாக உடையும். எச்.வி.எல்.பி. என்றால் 25, 30க்கு மேல் போக வேண்டாம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து சுவரில் சாய்த்து வையுங்கள். பழைய நாளிதழை மேலே ஒட்டுங்கள். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள்.

முதலில் ஃபேன் திருகை முழுக்கத் திறந்துவிடுங்கள். நீடில் திருகை உள்ளே முழுக்க மூடுங்கள். இறுக்க வேண்டாம், முட்டினால் போதும். அங்கிருந்து இரண்டு, இரண்டரைச் சுற்று வெளியே. காற்றை வேண்டுமென்றே குறைவாக, 25 பி.எஸ்.ஐ.யில் வையுங்கள். கன்னுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. கையை அசைக்காமல் சட்டென்று ஒரே ஒரு இழுப்பு, உடனே விடுங்கள். தாளில் செங்குத்தாக ஒரு நீளவட்டம் விழும். ஓரங்களில் பெரிய பெரிய புள்ளி தெரிந்தால் காற்று போதவில்லை. 5 ஏற்றுங்கள், பக்கத்தில் இன்னொன்று அடியுங்கள். மறுபடி 5. ஓரப் புள்ளிகளும் நடுப் புள்ளிகளும் ஒரே மாதிரிப் பொடியாகும் இடம் ஒன்று வரும். அங்கே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு பவுண்டும் பெயின்டைத் தெருவுக்கு அனுப்புகிற செலவு.

மச்சினன் பொறுமை இல்லாமல், "எவ்ளோ நேரம் மாமா பேப்பருக்கே பெயின்ட் அடிப்ப?" என்றான். தாள் என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிந்தால் அது வீண் இல்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. நீளவட்டத்தின் நடுவில் மட்டும் கனமாக விழுந்தால் பெயின்ட் அதிகம், அல்லது கெட்டி, அல்லது காற்று கம்மி. நடுவில் ஒல்லியாகி இரண்டு முனையும் குண்டாகி, உடற்பயிற்சிக்குத் தூக்கும் தம்பிள்ஸ் மாதிரி தெரிந்தால் காற்று அதிகம் அல்லது பெயின்ட் நீர்த்துவிட்டது. வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளைந்தால் ஏர் கேப்பின், அதாவது கன்னின் மூக்கில் இருக்கும் காற்று மூடியின், கொம்பில் உள்ள ஓட்டை ஒன்று அடைத்திருக்கிறது.

அடைப்பு கேப்பிலா, பெயின்ட் வெளியே வரும் நாசிலிலா என்று தெரியவில்லையா? கேப்பை அரைச்சுற்று திருப்பி மறுபடி ஒன்று அடியுங்கள். கோணலும் சேர்ந்து திரும்பினால் கேப். கோணல் பழைய பக்கமே நின்றால் நாசில். இதை எனக்குத் தோல் கம்பெனியில் ஒரு மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. தோல் வாங்க வந்த வெள்ளைக்கார பையருக்கு எதிரிலேயே ஒரு கன்னை இப்படித் திருப்பிக் காட்டி வாயடைக்க வைத்தவர்.

இன்னொரு சோதனையும் அவருடையதுதான். கேப்பைக் கால் சுற்று திருப்பினால் ஃபேன் படுத்துவிடும். இப்போது தாளில் பெயின்ட் வழியும் வரை டிரிக்கரைப் பிடியுங்கள். வழியும் கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இறங்கினால் கன் தயார். நடுக்கோடுகள் மட்டும் கீழே ஓடினால் நீடில் திருகைக் கால் சுற்று உள்ளே விடுங்கள். இரண்டு ஓரமும் முந்தினால் காற்றைக் குறையுங்கள்.

இது எல்லாம் முடிந்து பிரைமர், அதாவது பெயின்டுக்கு அடியில் போகும் கோட். ஒரே நாசிலில் பிரைமரும் பெயின்டும் அடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். அடிக்கலாம், ஆனால் பிரைமர் சர்ஃபேசரில் மாவுப் பொருள் அதிகம், கனமானது. கெட்டியான பிரைமருக்கு 1.8 மில்லிமீட்டர் நாசில் சுகம். தின்னர் சரிக்குச் சரி ஊற்றிய என்.சி. சர்ஃபேசர் 1.5, 1.6லேயே போய்விடும். பெயின்டுக்கு 1.4 போதும். நாசிலை மாற்றும்போது நீடிலையும் ஏர் கேப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும், மூன்றும் ஒரு செட். பிரைமருக்கு நீடில் திருகு அரைச்சுற்று கூடுதலாகத் திறந்திருக்கலாம், காற்று 5 குறைவாக இருக்கலாம். எப்படியும் எமரி போட்டுத் தேய்க்கப் போகிறோம், கொஞ்சம் சொரசொரப்பாக விழுந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் கனமாக விழ வேண்டும். பட்டி பார்த்த இடத்தின் கீறல்களை மூடுவது அதுதான். வெறும் தகடு தெரிந்த இடத்தில் நேராகச் சர்ஃபேசர் அடிக்காதீர்கள், பிடிக்காது. முதலில் மெல்லிசாக ஒரு எட்ச் பிரைமர், தகட்டைக் கவ்விப் பிடிக்கும் ரகம்.

பிரைமர் காய்ந்த பிறகு ஒரு தந்திரம். கொஞ்சம் கறுப்பு என்.சி.யில் தின்னரை நிறைய விட்டு, நீடிலை ஏறக்குறைய மூடி, இரண்டு முழம் தள்ளி நின்று தூவுங்கள். பேனல் முழுக்க மிளகுத்தூள் போல் கறுப்புப் புள்ளி விழும். அப்புறம் 600 வாட்டர் பேப்பரை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்த்தால், மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பள்ளம் இதில் தப்பாது. மச்சினன் காரின் பின்கதவில் முன்னால் யாரோ டிங்கரிங் செய்து பட்டி வைத்து மறைத்த விஷயமே இப்படித்தான் வெளியே வந்தது. விற்றவர் வாய் திறக்கவே இல்லை.

பெயின்டுக்கு வந்தால் கெட்டித்தன்மைதான் எல்லாம். ஃபோர்டு கப் என்று அடியில் ஓட்டை போட்ட சின்ன கிண்ணம் கிடைக்கும். 4ஆம் நம்பர் கப்பில் நிரப்பிவிட்டால் 20 வினாடி வாக்கில் ஒழுகி முடிய வேண்டும். இதில் வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: காலையில் கலந்த பெயின்ட் பத்து மணி வெயிலில் தானாகவே இளகிவிடும். கலந்தபோது 20 இருந்தது அப்போது 16 ஆகியிருக்கும். ஆனால் அதை நம்பித் தின்னரைக் குறைத்தும் புண்ணியமில்லை. கன்னை விட்டுப் புறப்பட்ட துளி காருக்குப் போய்ச் சேரும் முன் பாதி காய்ந்து, மணல் தூவினது போல உட்காரும். இதை 'டிரை ஸ்பிரே' என்பார்கள். அப்போதும் பக்கத்தில் நிற்கிறவர் "பிரஷரை ஏத்து" என்றுதான் சொல்வார். ஏற்றினால் இன்னும் காயும். செய்ய வேண்டியது நேர்மாறு: காற்றைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு விரல் கிட்டப் போய், மெதுவாகக் காயும் தின்னருக்கு மாற வேண்டும்.

மே மாதக் கத்திரியில் நம்ம ஊரில் 40 டிகிரி தாண்டுவது புதுசு இல்லை. சுற்றிலும் பாறை மலை; பகலில் குடித்த சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். அந்த நாட்களில் விடிந்ததும் ஆரம்பித்து, எட்டரைக்குள் கன்னைக் கழுவிவிட வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் வைத்தபடி இருக்க முடிய வேண்டும், அதுதான் என் தெர்மாமீட்டர். ஐப்பசி மழையில் வேறு தொல்லை. என்.சி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, ஈரக்காற்றில் இருக்கும் தண்ணீர் அதன் மேல் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைக் காரில் அது நிறமாகத் தெரியாது, பளபளப்பு செத்துப் போனதாகத் தெரியும். கொஞ்சம் ரிடார்டர் தின்னர், அதாவது மெதுவாக ஆவியாகும் ரகம், சேர்த்தால் சமாளிக்கலாம். மழை பெய்கிற நாளில் அடிக்காமல் இருப்பது அதைவிட மலிவு.

தண்ணீர் கம்ப்ரஸருக்குள்ளிருந்தும் வரும். வேலை தொடங்கும் முன் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். வாட்டர் செபரேட்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் பிரயோஜனம் கம்மி. அங்கே காற்று சூடாக இருப்பதால் தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும். நாலைந்து மீட்டர் தள்ளி, காற்று ஆறின பிறகு மாட்டுங்கள்.

அடிக்கும் கையைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை, அது பழகப் பழகத்தான் வரும். டிரிக்கரின் முதல் பாதியில் காற்று மட்டும் வரும், மீதிப் பாதியில்தான் பெயின்ட். பேனலுக்கு வெளியே காற்றோடு கிளம்பி, ஓரம் வரும்போது முழுக்க இழுத்து, மறு ஓரம் தாண்டியதும் விடுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் உடம்போடு சேர்ந்து நகருங்கள். முந்தின பட்டையில் பாதியை அடுத்த பட்டை மூட வேண்டும். முதல் கோட் மெல்லிசு, கீழே பிரைமர் தெரிந்தாலும் பரவாயில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது ஈரமாக. தொட்டுப் பார்க்க ஆசை வந்தால் பேனலைத் தொடாமல் மாஸ்கிங் டேப்பைத் தொடுங்கள். கூரை அடிக்கும்போது ஹோஸைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள், கப் மூடியைச் சுற்றி ஒரு துணியும் கட்டுங்கள். குனிந்து அடிக்கும்போது மூடி ஓட்டையிலிருந்து சொட்டும் ஒரு சொட்டு போதும், கூரை முழுக்க மறுபடி தேய்க்க. அதே ஓட்டை அடைத்துக்கொண்டால் பெயின்ட் விட்டு விட்டுத் துப்பும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையைத் தாங்கும் தூண் போல ஒல்லியான இடம் வந்தால் ஃபேனைக் குறுக்குவீர்கள். கூடவே நீடிலையும் உள்ளே விட வேண்டும். அதே அளவு பெயின்ட் கால்வாசி இடத்தில் விழுந்தால் வழியாமல் என்ன செய்யும்?

வேலை முடிந்ததும் டீ குடிக்கப் போவதற்கு முன் கன்னைக் கழுவுங்கள், என்.சி. காத்திருக்காது. கப்பில் தின்னர் ஊற்றி அடித்து, நீடிலை முதலில் உருவி, அப்புறம் நாசிலைக் கழற்றுங்கள். முழு கன்னையும் தின்னரில் ஊறப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பேக்கிங் ஊதிக் கெட்டுவிடும். ஏர் கேப் ஓட்டையைக் குத்த ஊக்கு, கம்பி எதுவும் வேண்டாம். ஓட்டை துளி கோணினாலும் ஃபேன் கோணலாகிவிடும். துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எந்தக் கிளீனிங் செட்டையும்விட அது நல்லது.

கார் இப்போது நன்றாகவே வந்திருக்கிறது. ரப்பிங் மட்டும் பாக்கி, அதற்கு முன் சில வாரம் பெயின்ட் சுருங்கி அடங்கட்டும் என்று விட்டிருக்கிறோம். மச்சினனுக்கு இதற்குள் புது ஆசை, பைக்கைச் சிவப்பிலிருந்து நீலமாக்க வேண்டுமாம், கன்தான் செட் ஆகி இருக்கிறதே என்கிறான். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன். நீல டின் வாங்கி வந்துவிட்டுத்தான் அங்கே போயிருக்கிறான்.